யூரியா மூட்டையும் கிணற்று நீரும்: ஆலங்குளம் வட்டாரத்தில் ஊட்டச்சத்து மாசைக் குறைக்கும் செலவு யாருடையது?

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் 46 விழுக்காடு நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. நம் வயல்களில் இடும் நைட்ரஜனில் பாதிகூடப் பெரும்பாலும் பயிருக்குச் சேர்வதில்லை என்பது வேளாண் அறிவியல் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட கணக்கு. சேராததில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போகும். இன்னொரு பங்கு நைட்ரேட்டாக மாறித் தண்ணீரோடு கீழிறங்கும். இறங்குவது மூட்டையில் கால் பங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து கிலோ சொச்சம் நைட்ரஜன் ஏறக்குறைய 23 கிலோ நைட்ரேட் ஆகும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐ.எஸ். 10500 தரநிலை. மாசில்லாத ஐந்து லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோக 23 கிலோ போதும். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள பாசனக் கிணற்றில் ஐந்து மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஐந்து லட்சம் லிட்டர். 266 ரூபாய் 50 காசுக்கு விற்கும் ஒரு மூட்டையில் வீணாகும் கால் பங்கு, ஒரு கிணற்றை வரம்பில் நிறுத்திவிடுகிறது.

தென்காசி மாவட்டத்தின் ஆலங்குளம் வட்டாரத்தில் இந்தக் கணக்கு ஏட்டோடு நிற்பதில்லை. செம்மண்ணும் அதன் அடியில் பாறையும் கொண்ட பூமி இது. தாமிரபரணிக் கால்வாய்களை நம்பிய கீழ்நாட்டு நஞ்சை வேறு, கிணற்றை நம்பிய இந்த மேட்டுப் புஞ்சை வேறு. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பல்லாரி, சின்ன வெங்காயம் எல்லாம் இங்கே கிணற்றுத் தண்ணீரில் விளைந்து பாவூர்சத்திரம் சந்தை வழியாகக் கேரளத்துக்கும் போகின்றன. காய்கறிக்கு உரம் அதிகம், தண்ணீர் அடிக்கடி, வேரோ மேலோட்டம். பாறை வெடிப்புகளில் தேங்கும் நிலத்தடி நீர் கொஞ்சம்தான். கொஞ்சமான நீரில் மாசு சீக்கிரம் அடர்ந்துவிடும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 ஆண்டறிக்கை, நாட்டில் சோதித்த மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் நைட்ரேட் வரம்பைத் தாண்டியதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அது மூன்றில் ஒன்றுக்கும் மேல். கைக்குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை நைட்ரேட் குறைக்கிறது என்பதற்காகவே அந்த வரம்பு வகுக்கப்பட்டது.

நைட்ரஜன் கிணற்றுக்கு இறங்குகிறது என்றால், பாஸ்பரஸ் மண்துகளைப் பற்றிக்கொண்டு மழைநீரோடு குளத்துக்குப் போய் வண்டலில் படிகிறது. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். சத்தும் கூடவே போகும். நெல்லைச் சீமையில் அமலைச்செடி என்று சொல்லும் ஆகாயத்தாமரை குளத்தை மூடிக் கிடப்பது இந்தச் சத்தின் கண்கண்ட சாட்சி. செடியை வாரிக் கரையில் போடப் பணம் ஒதுக்குகிறோம். அதை வளர்க்கும் சத்தைத் தடுக்கப் பணம் ஒதுக்குவதில்லை.

இக்கட்டுரையின் வாதம் இது. ஊட்டச்சத்து மாசைக் குறைப்பதற்கான பணம் புதிதாகத் தேட வேண்டிய ஒன்றல்ல. உர மானியமாகவும் துப்புரவு மானியமாகவும் அது ஏற்கெனவே புழங்குகிறது. ஆனால் சத்தை வீணாக்குவதற்கு அது துணைபோகிறது. அதைத் திருப்பிவிடும்போது உழவர், கழிவுநீர் என்று இரண்டு கணக்காகப் பிரிக்காமல், குளத்தை அலகாகக் கொண்ட ஒரே கணக்காக வைக்க வேண்டும்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியைக் காட்டி இதற்கு மறுப்புச் சொல்லலாம். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996-இல், உச்ச நீதிமன்றம் அந்த நெறியை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாகவே ஏற்றது. அது நியாயம். தோல் தொழிற்சாலைக்குக் குழாய் உண்டு, உரிமையாளர் உண்டு, இலாபம் உண்டு. ஒன்றரை ஏக்கரில் குத்தகைக்குக் கத்தரி போட்டவருக்கு இவற்றில் எது இருக்கிறது? அவர் வாங்கும் யூரியாவின் விலையை நிர்ணயிப்பது ஒன்றிய அரசு. 2010-இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது பாஸ்பரஸும் பொட்டாஷும் அதற்குள் வந்தன. யூரியா வெளியே நிறுத்தப்பட்டது. மற்ற உரங்கள் விலை ஏற, யூரியா மட்டும் மலிவாகவே நின்றது. மலிவானதைக் கூடுதலாகப் போடுவது உழவரின் அறியாமையன்று. கொடுத்த விலைக்கு அவர் காட்டும் பதில். அந்த விலையை வைத்தவருக்கும் மாசில் பங்கு உண்டு.

ஒன்றிய அரசு இதை அறியாமலும் இல்லை. 2015 முதல், நைட்ரஜன் வீணாவதைக் குறைக்க, யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. 2023 ஜூனில் ஒப்புதல் பெற்ற பி.எம். பிரணாம் திட்டம் இன்னும் நேரடியானது. ஒரு மாநிலம் முந்தைய மூன்றாண்டுச் சராசரியைவிட இரசாயன உரப் பயன்பாட்டைக் குறைத்தால், மிச்சமாகும் மானியத்தில் பாதி மாநிலத்துக்கு மானியத்தொகையாகத் திரும்பும். திட்டத்தின் முன்மொழிவுப்படி அதில் 70 விழுக்காடு மாற்று உரத்துக்கான கட்டமைப்புகளுக்கு. மீதி 30 விழுக்காடு உழவர்கள், ஊராட்சிகள், உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள், சுய உதவிக் குழுக்களுக்கு ஊக்கத்தொகை. கொள்கை சரியானது. கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அதன் குறை தெரியும். மூட்டைக்கு மானியம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாநிலத்துக்கு 750, ஊக்கத்தொகைக்கு 225. அந்த 225-ஐ நான்கு தரப்பும் பங்கிட வேண்டும். உரம் குறைந்து சின்ன வெங்காயம் சிறுத்துவிட்டால் உழவருக்கு வரும் நட்டத்தின் பக்கத்தில்கூட இந்தத் தொகை வராது.

உழவர் கூடுதல் யூரியாவை ஒரு காப்பீடாகவே இடுகிறார். மழை அடித்துக்கொண்டு போனாலும் கொஞ்சம் மிஞ்சும் என்ற தைரியம் அது. ஆகவே உரத்தைக் குறைக்கச் சொல்பவர் ஈடு செய்ய வேண்டியது மூட்டையின் விலையை அல்ல, அந்தத் தைரியத்தை. அமெரிக்காவில் மக்காச்சோள உழவர்களிடம் அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் இதைச் செய்து பார்த்தது: வழக்கமான உரம் இட்ட ஒரு பட்டியும் பரிந்துரைத்த அளவு இட்ட பரப்பும் ஒப்பிடப்படும், விளைச்சலில் துண்டு விழுந்தால் ஈடு தரப்படும். ஆலங்குளத்துத் தக்காளித் தோட்டத்தில் இதை நடத்துவது கடினமல்ல. நாலு பாத்தி வழக்கப்படி, மற்றவை மண் பரிசோதனை சொன்னபடி. பறிக்கும்போது இரண்டையும் நிறுத்து, வித்தியாசத்துக்கு அந்த வாரப் பாவூர்சத்திரம் விலையில் ஈடு கொடுக்கலாம். பரிந்துரை சரியென்றால் ஈட்டுக்கு அதிகம் செலவாகாது. செலவானால் பரிந்துரையைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வோம்; அதுவும் ஆதாயம்தான்.

நட்டத்துக்கு ஈடில்லாமல் உரத்தை நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை கண்முன் இருக்கிறது. 2021-இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்க வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் நைட்ரேட் உண்மையான சிக்கல். வெங்காயத் தோட்டமும் குழிக் கழிப்பறையும் சேர்ந்து உண்டாக்கியது. கொழும்பில் விதித்த தடை அந்தக் கிணறுகளுக்கு உதவவில்லை.

யாழ்ப்பாணத்தின் அந்த இரட்டைக் காரணம் நமக்கும் பொருந்தும். ஒரு மனிதர் ஆண்டுக்குக் கழிக்கும் நைட்ரஜன் சுமார் நான்கு கிலோ. பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் அது 40 டன். யூரியாக் கணக்கில் 1,900 மூட்டைக்கு மேல். செப்டிக் தொட்டி கசடைப் பிடிக்குமே தவிர நைட்ரஜனை அதிகம் பிடிக்காது. தெளிந்த நீரோடு அது மண்ணுக்குள் போய்விடும். பாதாளச் சாக்கடை இல்லாத பேரூர்களில் கசடு செப்டிக் லாரிகளின் பொறுப்பில் இருக்கிறது. வீட்டுக்காரர் தொட்டி காலியானதும் முழுக் கூலியையும் கொடுத்துவிடுகிறார். அதன்பின் சுத்திகரிப்பு நிலையம் வரை டீசல் செலவழித்துப் போக லாரிக்காரருக்கு என்ன தூண்டுதல்? கூலியில் ஒரு பகுதியைப் பேரூராட்சி வாங்கி வைத்து, நிலையத்தின் வாசலில் லாரி வந்து சேர்ந்ததும் கொடுத்தால் ஓடையில் கொட்டுவது பெருமளவு நின்றுபோகும். கருங்குழியில் 2017-இல் கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைத்து முன்னோடியாக நின்ற மாநிலம் இது. நிலையம் கட்டும் வித்தை நமக்குத் தெரியும். கூலியின் வழியை மாற்றுவதுதான் மிச்சம்.

கழிவுநீர் நிலையங்களின் தரநிலை வேறொரு முரண்பாட்டைக் காட்டுகிறது. 2017 அக்டோபரில் ஒன்றிய அரசு வெளியிட்ட தரநிலையில் நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் வரம்பே இல்லை. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜன், 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று கடுமையாக்கியது. நோக்கம் நல்லது. ஆனால் அந்த வரம்பை எட்ட, மின்சாரம் செலவழித்து நைட்ரஜனை மறுபடி காற்றில் விட வேண்டும். கீழே தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை காற்றிலுள்ள அதே நைட்ரஜனை எரிபொருள் செலவழித்து யூரியாவாக்குகிறது. செய்வதற்கும் பொதுப்பணம், அழிப்பதற்கும் பொதுப்பணம். சுத்திகரித்த நீரையும் பதப்படுத்திய கசடையும் தென்னை, எலுமிச்சை, தீவனப்புல் போன்றவற்றுக்கு அனுப்பினால் இரண்டு செலவும் குறையும். பச்சையாகத் தின்னும் காய்க்கு அதை ஒருபோதும் விடக்கூடாது. கிருமிச் சோதனையில் சலுகை காட்டக்கூடாது.

வெளிநாட்டு முறைகளில் அதிகம் புகழப்படுவது சத்து வரவு வணிகம், அதாவது வரம்புக்கும் கீழே மாசைக் குறைத்தவர் அந்த மிச்சத்தை வரவாக விற்பது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2002 முதல் 79 நகராட்சி நிலையங்கள் தமக்குள் நைட்ரஜன் வரவை வாங்கி விற்கின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் சட்ட வரம்பும் அளவீடும் இருப்பதால்தான் அங்கே சந்தை நடக்கிறது. அவை இரண்டும் ஊன்றாத நம் ஊரில் அந்தச் சந்தையைத் திறந்தால் காகிதம்தான் கைமாறும். நமக்கு நெருக்கமானது மேரிலாந்து. அங்கே கழிவுநீர்க் கட்டணமாக 2004-இல் வீட்டுக்கு மாதம் இரண்டரை டாலர் என்று தொடங்கி 2012-இல் ஐந்து டாலராக்கினார்கள். அந்த நிதி பெரிய சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்தியது. செப்டிக் தொட்டி வைத்திருப்போர் செலுத்தியதில் ஒரு பங்கு, பனிக்காலத்தில் மூடுபயிர் போடும் உழவருக்குப் போயிற்று. ஊரார் கழிப்பறைக் கட்டணம் உழவரின் மண்ணைக் காத்தது. இந்த இணைப்புத்தான் நமக்கு வேண்டும்.

சத்துக்குக் காசு கொடுப்பது நம் உழவருக்குப் புதிதும் அல்ல. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடக் கிடைக்காரருக்கு இரவுக் கணக்கில் பணமோ தானியமோ கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. குளத்து வண்டல் அள்ளி வயலில் பரப்புவதும் அப்படித்தான். ஓடிப்போன பாஸ்பரஸை வயலுக்குத் திரும்பக் கொண்டுவரும் வேலை அது. 2024-இல் தமிழ்நாடு அரசு, வட்டாட்சியர் அளவிலேயே வண்டலுக்குக் கட்டணமில்லா அனுமதி வழங்கச் செய்தது வரவேற்கத்தக்கது. ஆனால் மண் இலவசம். டிராக்டர் வாடகை இலவசமில்லை. சிறு உழவருக்கு அந்த வாடகையைக் கொடுப்பது, அமலைச்செடியை ஆண்டுதோறும் வாருவதைவிட நல்ல செலவு.

ஆகவே முன்மொழிவது ஒரு குள நிதி. பிரணாம் ஊக்கத்தொகை, ஊராட்சிகளுக்கு 15-ஆம் நிதிக்குழு துப்புரவுக்கென்று கட்டியிருந்தது போன்ற மானியம், செப்டிக் லாரிக் கட்டணத்தில் ஒரு பங்கு, மாவட்ட அளவில் குற்றாலம் சீசனுக்கு வரும் வாகனங்களிடம் சிறு தொகை ஆகியவை அதில் சேரலாம். அருவியில் குளித்துப் போகிறவர்களின் கழிவும் இந்த மாவட்டத்தின் மண்ணுக்கும் சிற்றாற்றுக்கும்தான் சேர்கிறது. நிதியை நடத்த 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டத்தின் கீழான நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உண்டு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள குளங்களுக்கு ஊராட்சி ஒன்றியம் உண்டு. கிணற்று நீர்ச் சோதனை போக, செலவு மூன்றுக்கு மட்டும்: விளைச்சல் ஈடு, லாரி வாசல் கூலி, வண்டல் வாடகை. சொட்டுநீருக்குச் சிறு, குறு உழவருக்கு முழு மானியம் ஏற்கெனவே இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை. அந்தக் குழாயில் உரத்தைக் கரைத்துவிடக் கற்றுக்கொடுத்தால் போதும்.

அளவீடு இல்லாமல் பணம் கொடுப்பதா என்று கேட்பார்கள். வயலிலிருந்து கசியும் ஒவ்வொரு கிலோவையும் அளக்க எந்த நாட்டாலும் முடியவில்லை. எல்லாரும் நடைமுறைக்குத்தான் பணம் தருகிறார்கள். 2018 முதல் மூட்டை உரம் ஆதார் பதிவோடு விற்பனைக் கருவி வழியாகத்தான் விற்கிறது. ஆகவே ஊர்வாரி விற்பனை தெரியும். வாங்கியவரே போட்டார் என்பதற்கு அது சான்றாகாது. ஊர் அளவில் போக்கைக் காட்டப் போதுமானது. அதோடு கிணற்று நைட்ரேட்டைச் சேர்த்துப் படித்தால் குளத்துக்கொரு கணக்குக் கிடைக்கும்.

தென்காசி மாவட்ட நிர்வாகத்திடம் வைக்கும் கோரிக்கை ஒன்றே. பிசானப் பருவத்து வடகிழக்கு மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் ஒரு முறை ஆலங்குளம் வட்டாரக் கிணறுகளில் நைட்ரேட் சோதித்து, முடிவைக் குளம்வாரியாக ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிப் போடுங்கள். குள நிதியின் முதல் ரூபாய் அந்தச் சோதனைக்கே செலவாகட்டும்.