பரங்கிமலையில் தொடங்கிய கோடு

ஒரு காரியத்தை எடுத்த மனிதன் அதை முடிக்கும்வரை விடாமல் பற்றிக்கொண்டிருப்பது எதனால்? பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் அடுக்கியிருக்கும் தன்னம்பிக்கை நூல்களிடம் இதற்கு ஆயத்தமான விடை உண்டு. இளமையிலேயே இலக்கை வரித்துக்கொள்ள வேண்டுமாம்; நாள்தோறும் அதையே நினைக்க வேண்டுமாம்; பொருளும் புகழும் தாமே வந்து சேருமாம். வரலாற்றில் நாம் சந்திக்கும் மனிதர்கள் பலர் இந்த வாய்பாட்டுக்குள் அடங்குவதில்லை. வில்லியம் லாம்டன் அவர்களுள் ஒருவர்.

யார்க்ஷயரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தவர். கணிதத்தில் நாட்டம் இருந்தது. வாழ்க்கை படையில் கழிந்தது. அமெரிக்கப் போருக்குச் சென்றார். பிறகு நியூ பிரன்ஸ்விக்கில் நில அளவை, படைவீட்டு மேற்பார்வை என்று சுமார் பதின்மூன்று ஆண்டுகள் ஓடின. அங்கே அவர் நூல்களைப் படித்துக்கொண்டிருந்தார் என்பதைத் தவிரச் சொல்லும்படி ஒன்றும் நிகழவில்லை. இந்தியாவுக்கு வந்தபோது நாற்பது வயதைத் தாண்டியிருந்தார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில், இரவில் சென்ற படைப்பிரிவொன்று வழிதவறித் திப்புவின் படை இருந்த பக்கமாகவே நடக்கத் தொடங்கியது. வானத்து மீன்களைப் பார்த்துத் திசை தவறு என்று சொன்னவர் லாம்டன். படையை நடத்திச் சென்ற பெயர்ட் உடனே நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பின்னரே ஒப்புக்கொண்டார்.

திப்பு வீழ்ந்ததும் லாம்டன் ஒரு திட்டத்தை முன்வைத்தார். சோழமண்டலக் கரையிலிருந்து மலபார்க் கரை வரை முக்கோணங்களைக் கோத்துத் தீபகற்பத்தை அளப்பது அது. கும்பெனிக்கு வேண்டியது வரைபடம். பிடித்த நிலத்தை ஆளவும், வரி விதிக்கவும், படை நடத்தவும் அது பயன்படும். லாம்டனுக்கு வேண்டியதோ வேறு. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதைப் பிரெஞ்சு அறிஞர்கள் பெருவிலும் லாப்லாந்திலும் முன்பே அளந்து காட்டியிருந்தார்கள். எவ்வளவு தட்டை என்பதில்தான் வழக்கு தீரவில்லை. தென்னிந்தியாவில் ஒரு பாகையின் நீளத்தைத் துல்லியமாக அளந்தால் அந்த வழக்கில் ஒரு சாட்சி கிடைக்கும். வரைபடத்துக்கென்று வாங்கிய பணத்தில் அவர் பூமியின் வடிவத்தைத் தேடினார் என்றால் அது மிகையாகாது. இதை அவர் மறைக்கவும் இல்லை.

சென்னையில் எதிர்ப்பு இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவன் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் சொன்னால் போதுமே, இத்தனை செலவு எதற்கு என்று நிதிப்பொறுப்பில் இருந்த ஒருவர் கேட்டதாக ஒரு கதை உண்டு. (கணக்குப் பார்ப்பவர் எக்காலத்திலும் இதைத்தான் கேட்பார் போலும்.)

1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார்கள். பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ ஏழரை மைல். அளந்த சங்கிலி நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்கென மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுபோய், ஏற்பார் இல்லாமல் கல்கத்தாவுக்குத் திரும்பிவந்த பொருள் அது. வெயிலில் எஃகு நீளும். ஆகவே அதை மரத்தொட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரத் துணியால் நிழலமைத்து, வெப்பமானி பார்த்துக் கணக்கைத் திருத்தினார்கள். இப்படி ஏறக்குறைய நானூறு முறை. மே 22இல்தான் அளவை முடிந்தது. 1804இல் பெங்களூரருகே இன்னொரு கோட்டை அளந்து, சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். ஏழு மைல் கோட்டில் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு.

கோணங்களை அளந்தது தியோடலைட். அரை டன் எடை. லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக் கப்பலொன்று அதைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோயிற்று. போர் நடந்துகொண்டிருந்தபோதும், அறிவியலுக்கான கருவி என்று அறிந்து அங்கிருந்த ஆளுநர் அனுப்பிவைத்தார். 1808இல் தஞ்சையில் அதற்கு ஆபத்து வந்தது. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. கோயில் கோபுரங்களே நோக்குமிடங்கள் ஆயின. பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியதில் அதன் பெரிய வட்டமே கோணிப் போயிற்று.

வேறொருவராக இருந்திருந்தால் இங்கே நிறுத்தியிருப்பார். யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டார். கைவினைஞர்களின் தலைவன் ஒருவனைத் தவிர வேறெவருக்கும் அனுமதி இல்லை. தட்டையான பலகையில் வட்டத்தின் சரியான அளவை வெட்டி அமைத்து, கோணிய வளையத்தை ஆப்புகளாலும் திருகுகளாலும் கப்பிகளாலும் சிறிது சிறிதாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரங்கள். மனிதனை இயக்குவது எது என்று கேட்டால் நாம் அந்தக் கூடாரத்தைத்தான் காட்டுவோம். உள்ளே இருந்தவருக்குக் கைதட்டுவார் இல்லை. வட்டம் வட்டமாக வேண்டும் என்பது ஒன்றே இருந்தது.

ஆனால் இதை லாம்டனின் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அரை டன் கருவியைக் குன்றுகளின் உச்சிக்குச் சுமந்தவர்களும், தொலைவில் கொடி பிடித்து நின்றவர்களும், கிருஷ்ணா கோதாவரிக் காடுகளில் காய்ச்சலில் மாண்டவர்களும் இருந்தார்கள். பூமியின் தட்டைத்தன்மை அவர்கள் கவலை அன்று, கூலிக்காக வந்தார்கள். லாம்டனின் வேட்கை அவர்கள் தோள்மேல்தான் நடந்தது. சென்னை நில அளவைப் பள்ளியில் பயின்று இளம்வயதிலேயே அவரிடம் சேர்ந்த யோசுவா டி பென்னிங் போன்ற சிலரின் பெயராவது எஞ்சியது. சுமந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.

புகழ் பிந்தி வந்தது. அவருடைய கட்டுரைகள் கல்கத்தாவின் ஆசியாடிக் ரிசர்ச்சஸில் வெளியாயின. 1813இல் எடின்பரோவின் பிளேஃபேர் அவற்றைப் பாராட்டி எழுதினார். லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியபோது அவர் அறுபதைக் கடந்துவிட்டார். தீபகற்பத்தின் அகலத்தில் பழைய படங்கள் நாற்பது மைல் கூட்டிக் காட்டியிருந்ததும் அவர் அளவையால் தெரிந்தது.

1818இல் உதவியாளராக வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் கண்டது தளர்ந்துபோன ஒரு கிழவரை. ஆனால் தியோடலைட்டைச் சரிசெய்ய எழும்போது அந்தத் தளர்ச்சி அவரை விட்டு அகன்றுவிடும் என்று எவரெஸ்ட் எழுதிவைத்திருக்கிறார். குமரிக்கருகே தொடங்கிய நெடுங்கோடு பத்துப் பாகையளவு வடக்கே வந்திருந்தது. ஐதராபாத்திலிருந்து நாகபுரிக்கு இடம்பெயரும் வழியில், 1823 ஜனவரி 20ஆம் நாள், ஹிங்கன்காட் என்னும் ஊரில் லாம்டன் இறந்தார். இமயம் இன்னும் வெகுதொலைவில் இருந்தது.