உளி படாத கல்



நம் கோம்பை மலையடிவாரத்து ஓடைகளில் உருண்டு கிடக்கும் கற்களை நாம் நின்று பார்ப்பதில்லை. ஜப்பானியரோ, நீரும் காற்றும் வடித்த இத்தகைய கற்களில் மலையையும் அருவியையும் கண்டு, உளி படாமல் மரப்பீடத்தில் வைத்து நெடுநேரம் நோக்கியிருப்பர். அக்கலைக்குச் ‘சுய்செகி’ என்று பெயர்.

நம் நாட்டிலும் ஒருவர் அவ்வாறு கற்களைத் தேடினார். அவர் நேக் சந்த். 1947 பிரிவினையில் பிறந்த ஊரை இழந்து வந்தவர். சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளர். 1950களின் இறுதி முதல், வேலை முடிந்தபின் மிதிவண்டியில் சென்று, பறவையாகவும் விலங்காகவும் மனிதராகவும் தமக்குத் தோன்றிய ஆற்றுக்கற்களைச் சுமந்து வந்தார். கட்டுமானம் தடைசெய்யப்பட்ட காட்டுநிலத்தில் அவற்றை மறைவாக நிறுத்தினார். உடைந்த ஓடுகளாலும் பீங்கானாலும் சிற்பங்களும் செய்தார். 1970களின் நடுவில் அதிகாரிகள் அதைக் கண்டறிந்தபோது, எல்லாம் இடிக்கப்படும் அபாயம் எழுந்தது. மக்களின் ஆதரவால் அது தப்பி, 1976இல் பாறைத் தோட்டமாகத் திறக்கப்பட்டது. 1984இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

அன்பானவர்களே, அந்த ஆற்றுக்கற்களை அவர் செதுக்கவில்லை. அவற்றில் இருந்ததைக் கண்டார். உரிய இடத்தில் நிறுத்தினார். நாமோ நம் பிள்ளைகளையும், சபையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரையும் நாம் விரும்பும் வடிவுக்குச் செதுக்க அவசரப்படுகிறோம். ஆண்டவர் அவர்களில் ஏற்கெனவே வைத்திருப்பதைப் பார்த்தோமா? இந்த வாரம் ஒருவரையாவது அப்படி நின்று பார்ப்போமாக.