போர்டு போயிடுச்சா? மதர்போர்டு விளக்குகளின் கதை

மதர்போர்டில் மெமரி குச்சிகள் பொருத்தும் இடத்துக்குப் பக்கத்தில் கடுகு சைஸில் நான்கு விளக்குகள் இருக்கும். கடந்த பத்து வருடங்களில் வந்த போர்டுகள் பலவற்றில் பார்க்கலாம் (லேப்டாப்காரர்கள் மன்னிக்க, உங்களுக்கு இந்தப் பதிவில் வரலாறு மட்டும்தான் :-)). பக்கத்திலேயே சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பொட்டியை ஆன் செய்ததும் இவை ஒன்றன் பின் ஒன்றாக எரிந்து அணையும். நான்கும் அணைந்தால் சுபம். ஏதாவது ஒன்று அணையாமல் நின்றால், கணினி அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம்.

இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? ஊரில் என்றால் சித்தப்பா பையனோ, பக்கத்துத் தெரு மெக்கானிக்கோ வந்து பார்ப்பான். இங்கே நாக்பூரில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் மூடியைக் கழற்றும் முன்பே "போர்ட் கயா, சாப்" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த ஒரு வாக்கியத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் விலை. எந்த விளக்கு எரிகிறது என்று சொல்லத் தெரிந்தால், பேச்சு வேறு மாதிரி போகும். ஆனால் இந்த நான்கு விளக்குகள் சாமானியன் கைக்கு வந்து சேர எழுபது வருடம் ஆகியிருக்கிறது. அந்தக் கதைதான் எனக்கு சுவாரசியம்.

ஆரம்பத்தில் கணினி என்றாலே விளக்குதான். 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இனியாக் கணினியைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள் கொண்ட ராட்சசன். உள்ளே எண்கள் மாறுவதைக் காட்டக் குட்டிக் குட்டி நியான் பல்புகள் உண்டு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் பத்து. ஆனால் அவை கேமராவுக்கு எடுப்பாக இல்லை. பிங்பாங் பந்துகளைப் பாதியாக வெட்டி, எண் எழுதி, பல்புகளின் மேல் கவிழ்த்துவிட்டார்கள். பீரங்கிக் குண்டு பாயும் பாதையை, குண்டு பாயும் நேரத்தைவிட வேகமாக இயந்திரம் கணக்குப் போட, பந்துகள் மின்னி மின்னி அடங்கின. கணினி என்றால் மினுக் மினுக் என்று விளக்கு எரிய வேண்டும் என்று சினிமாக்காரர்கள் பிடித்துக்கொண்டதற்கு மூலம் இதுதான் என்பார்கள். அந்தக் காட்சிக்கான புரோகிராமை எழுதிய ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் போன்ற பெண்களுக்கோ அந்த விளக்குகள் வேடிக்கை அல்ல. கணக்கு எங்கே பிசகுகிறது என்று பார்க்க அவர்களுக்கு இருந்த ஜன்னல்.

அடுத்தது 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360. அதன் முகப்பில் வரிசை வரிசையாக விளக்குகள். அவற்றில் ஐந்து எனக்குப் பிடித்தவை: சிஸ்டம், மேனுவல், வெயிட், டெஸ்ட், லோடு. வெயிட் எரிந்தால் பிராசசர் வேலை இல்லாமல் காத்திருக்கிறது. சிஸ்டம் எரிந்தால்? மீட்டர் ஓடுகிறது! ஆமாம், ஆட்டோ மீட்டர் மாதிரிதான். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் இந்த இயந்திரங்களை வாடகைக்குத்தான் எடுத்தார்கள், உபயோகித்த நேரத்தை அளக்க மீட்டர் இருந்தது. ரிப்பேருக்கு வரும் கம்பெனி இன்ஜினியர் தன் சாவியைத் திருப்பினால் வாடிக்கையாளர் மீட்டர் நின்று, அவருடைய தனி மீட்டர் ஓடும். ரிப்பேர் நேரத்துக்கு வாடகை வாங்கக் கூடாதல்லவா? வங்கியில் வட்டிக் கணக்கு பார்த்துப் பழகிய எனக்கு இந்த நேர்மை ரொம்பப் பிடித்தது. இன்னொரு பட்டனும் உண்டு: எல்லா பல்பையும் ஒரே நேரத்தில் எரிய வைக்கும் பட்டன். ஃப்யூஸ் போன பல்பைப் பார்த்து "எல்லாம் சரி" என்று நினைத்துவிடக் கூடாதே!

பல்பு ஃப்யூஸ் போகும் கவலையைத் தீர்த்தது எல்இடி. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962-ல் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். முதலில் விலை எக்கச்சக்கம், பிறகு படிப்படியாகக் குறைந்தது. 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 வந்தபோது அதன் முகப்பில் 36 சிவப்பு எல்இடிகள் இருந்தன. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி நிரலை ஏற்ற வேண்டும், விடையை விளக்கு பார்த்துப் படிக்க வேண்டும். கஷ்டம்தான். ஆனால் வாங்கியவனுக்கு உள்ளே நடப்பது அத்தனையும் கண்ணுக்கு முன்னால்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது. முகப்பு சுத்தம். ஆன் ஆகியிருக்கிறது என்று காட்டக்கூட ஒரு விளக்கு இல்லை! திரை வந்துவிட்ட பிறகு விளக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நியாயம்தான், திரை வேலை செய்யும் வரை. திரைக்குப் படம் வரும் முன்பே பொட்டி படுத்துவிட்டால்? அதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்தார்கள். ஒரு குட்டி பீப் என்றால் நலம், வேறு மாதிரி கத்தினால் கோளாறு. அடுத்து 1984-ல் வந்த ஏடி மாடலில் பவருக்கு ஒன்று, ஹார்டு டிஸ்குக்கு ஒன்று என இரண்டு விளக்குகள் முகப்பில் வந்தன.

ஆனால் அந்த ஏடியில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் இருந்தது. இந்தக் கதையின் மையமே அதுதான். ஆன் ஆனதும் பயாஸ் தன்னைத்தானே சோதிக்கிறது இல்லையா, ஒவ்வொரு படியைத் தொடும் முன்பும் ஒரு எண்ணை 80 என்ற போர்ட்டுக்கு (பதினாறடிமான 80) அனுப்பும். "இப்போது மெமரி பார்க்கிறேன்", "இப்போது கீபோர்டு பார்க்கிறேன்" என்கிற மாதிரி. தொழிற்சாலையில் சோதிப்பவர்களுக்காக வைத்த ஏற்பாடு அது. பிறகு வந்த நகல் கம்பெனிகளும் அப்படியே பின்பற்றின. ஆக, வீட்டில் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினி தன் கதையை வரி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்கத்தான் அங்கே காது இல்லை.

அந்தக் காது தனியாக விலைக்கு வந்தது. போஸ்ட் கார்டு என்று பெயர் (நம்ம ஊர் மஞ்சள் அஞ்சலட்டை இல்லை!). காலியாக இருக்கும் ஸ்லாட்டில் செருகினால், அதிலுள்ள இரண்டு இலக்க டிஸ்ப்ளேயில் அந்த எண் ஓடும். எந்த எண்ணில் நின்றதோ, அங்கே கோளாறு. அதற்கு அர்த்தம் சொல்லும் பட்டியல் ஒவ்வொரு பயாஸுக்கும் வேறு வேறு: அவார்டுக்கு ஒன்று, ஏஎம்ஐக்கு ஒன்று, ஃபீனிக்ஸுக்கு ஒன்று. கார்டும் பட்டியலும் வைத்திருந்தவர் இன்ஜினியர், இல்லாதவர் கஸ்டமர். இருவருக்கும் இடையே இருந்தது மூளை வித்தியாசம் இல்லை, ஒரு சின்ன கார்டு வித்தியாசம்!

அதே காலத்தில் பொட்டியின் முகப்பில் வேறொரு விளக்கு ஜொலித்தது. டர்போ பட்டன் ஞாபகம் இருக்கிறதா? அதன் பக்கத்தில் 33, 66 என்று மெகாஹெர்ட்ஸ் காட்டும் டிஸ்ப்ளே. அதைப் பார்த்துப் பெருமைப்பட்ட அப்பாக்கள் எத்தனை பேர்! உண்மையில் அது எதையும் அளக்கவில்லை. பின்னால் இருக்கும் ஜம்பர்களை எப்படி மாட்டுகிறார்களோ, அந்த எண் தெரியும். வேண்டுமென்றால் 99 என்றுகூட வைக்கலாம். உள்ளே ஓடிய உண்மை எண்ணைக் காட்ட விளக்கு இல்லை, வெளியே மினுக்கிய எண்ணில் உண்மை இல்லை.

அதிகமாகச் சொன்ன விளக்குகளும் உண்டு. ஜோ லோரி, டேவிட் அம்ப்ரஸ் என்ற இருவர் 2002-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மோடம் போன்ற கருவிகள் சிலவற்றில் இருக்கும் சிவப்பு விளக்கு, கம்பியில் ஓடும் தகவலின் வேகத்திலேயே துடிக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தூரத்திலிருந்து தகுந்த கருவியால் அந்தத் தகவலைப் படித்துவிடலாம் என்று காட்டினார்கள். பாஸ்வேர்டைப் பக்கத்தில் இருப்பவரிடம்கூடச் சொல்லாதே என்று தினமும் பாடம் நடத்தும் எங்கள் துறைக்காரர்கள் படிக்க வேண்டிய கட்டுரை.

சரி, மதர்போர்டுக்குத் திரும்புவோம். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அமைப்பு ஒரு பெரிய மாற்றம். அதற்கு முன் பவர் சுவிட்ச் நேராகக் கரண்ட்டைத் துண்டிக்கும். ஏடிஎக்ஸில் ஷட்டவுன் செய்த பிறகும் 5 வோல்ட் போர்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். அதைக் காட்டத்தான் பல போர்டுகளில் ஒரு பச்சை விளக்கு வைத்தார்கள். அது எரியும்போது மெமரியைக் கழற்றி மாட்டினால் பொருள் போய்விடலாம் என்ற எச்சரிக்கை அது.

2000 வாக்கில் எம்எஸ்ஐ கம்பெனி நான்கு விளக்குகள் வைத்தது. ஒவ்வொன்றும் சிவப்பாகவோ பச்சையாகவோ எரியும், மொத்தம் 16 சேர்க்கைகள், புத்தகத்தைப் பார்த்து அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். விலை கூடிய போர்டுகளில் அந்த இரண்டு இலக்க டிஸ்ப்ளேவையே போர்டில் பதித்தார்கள். கடைக்காரரின் கார்டு வாடிக்கையாளர் வீட்டுக்கு வந்துவிட்டது! சொந்தமாகப் பொட்டி கட்டுகிற பிள்ளைகள் பெருகப் பெருக, பட்டியலே தேவையில்லாத இன்றைய நான்கு விளக்குகள் விலை குறைந்த போர்டுகளுக்கும் இறங்கி வந்தன.

படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. டிரையல் பேலன்ஸ் இடிக்கிறது என்றால் தப்பு இருக்கிறது என்று தெரியும், எந்த வவுச்சரில் என்று தெரியாது. இந்த விளக்குகளும் அப்படித்தான். சிபியு விளக்கு நின்றால் பிராசசர் செத்துவிட்டது என்று பொருள் இல்லை. பிராசசருக்கான 8 பின் பவர் வயர் மாட்டாமல் இருக்கலாம், பிராசசர் புதிதாகவும் பயாஸ் பழையதாகவும் இருக்கலாம். டிராம் என்றால் பெரும்பாலும் மெமரி குச்சி சரியாக உட்காரவில்லை. கழற்றி, ஒன்றை மட்டும் அழுத்தி மாட்டிப் பாருங்கள். டிடிஆர்5 மெமரி என்றால் முதல்முறை ஆன் செய்யும்போது அந்த விளக்கு சில நிமிடங்கள் எரிந்துகொண்டே இருக்கும், மெமரியைப் பழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறது, பதறி ஆஃப் செய்யாதீர்கள். விஜிஏ என்றால் கிராபிக்ஸ் கார்டையும் அதற்கான தனி பவர் வயரையும் பாருங்கள். பூட் விளக்கு நின்றால் நிம்மதி: முதல் மூன்று படிகளையும் தாண்டியாயிற்று, டிஸ்கோ விண்டோஸோதான் தகராறு. அதற்குப் போய் "போர்ட் கயா" என்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு விளக்குமே வரவில்லையா, முதலில் பவர் சப்ளையையும் சுவர் சுவிட்சையும் பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்.

இன்று போர்டு முழுக்க வானவில் மாதிரி எரிகிறதே, அது வேறு சமாசாரம். 1993-ல் நிச்சியா கம்பெனியில் நகாமுரா நல்ல வெளிச்சமுள்ள நீல எல்இடியைக் கொண்டுவந்ததால் அந்த வண்ணங்கள் சாத்தியமாயின (நீல எல்இடிக்காக 2014-ல் அகாசாகி, அமானோ இருவருடன் சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார்). அவை எந்தக் கோளாறையும் சொல்லாது. சில போர்டுகளில் ஷட்டவுன் செய்த பின்னும் எரியும், காரணம் மேலே சொன்ன அந்த 5 வோல்ட்தான்.

டிஸ்கி: மூடியைக் கழற்றும் முன் சுவர் சுவிட்சை அணைத்து வயரைப் பிடுங்கிவிடுங்கள். பச்சை விளக்கு உடனே அணையாது, சில வினாடிகள் மங்கிக்கொண்டே இருக்கும். கெப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்சாரம் அது. முழுசாக அணைந்த பிறகு கை வையுங்கள்.