இரண்டு கிராம் மருந்து: வியட்நாமில் எம்-16 சிக்கிக்கொண்ட கதை

ஒரு துப்பாக்கித் தோட்டாவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கே நான்கு பொருட்கள்தான். பித்தளைக் கூடு, முனையில் குண்டு, அடியில் பிரைமர் என்கிற சின்னப் பொட்டு, நடுவில் கொஞ்சம் மருந்து. பிரைமர் தீக்குச்சி மாதிரி. ஊசி அதை அடித்தால் பொறி பறக்கும், மருந்து எரிந்து வாயுவாகும், வாயு குண்டைத் தள்ளும். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பலர் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை எடுத்து, புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம், ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்றை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்பது. இரண்டு மருந்தும் குண்டுக்கு ஒரே வேகத்தைக் கொடுக்கலாம். ஆனால் ஒன்று சட்டென்று எரியும், இன்னொன்று நின்று எரியும். குழலுக்குள் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

வீட்டில் உட்கார்ந்து தோட்டா நிரப்புகிறவருக்குத் தெரிந்த இந்த விஷயத்தை, 1960களில் அமெரிக்க ராணுவம் கண்டுகொள்ளவில்லை. அதற்கான விலையை வியட்நாமில் இருந்த இருபது வயதுப் பையன்கள் கொடுத்தார்கள்.

துப்பாக்கி பிறந்த கதை

1950களின் கடைசியில் ஆர்மலைட் என்ற சிறிய நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் ஏ.ஆர்-15 என்ற துப்பாக்கியை வடிவமைத்தார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் கலந்தது, எடை குறைவு, 5.56 மி.மீ. என்ற சின்னத் தோட்டா. 1959-இல் இதன் உரிமையை கோல்ட் நிறுவனம் வாங்கியது. 1960-இல் விமானப்படைத் தளபதி கர்டிஸ் லீமே தர்ப்பூசணிகளைச் சுட்டுப் பார்த்து அசந்து போனார் என்பது பிரபலமான கதை. 1963-இல் ராணுவத்துக்கு 85,000, விமானப்படைக்கு 19,000 என்று ஆர்டர் போனது. அதுதான் எம்-16.

ஸ்டோனரின் வடிவமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. குண்டைத் தள்ளும் வாயுவில் ஒரு பகுதி, குழலில் உள்ள ஒரு துளை வழியாக மெல்லிய குழாயில் பின்னால் வந்து, நேராகத் துப்பாக்கியின் இயங்கும் பாகத்தையே தள்ளும். அந்தத் தள்ளலில் காலிக் கூடு வெளியே வரும், அடுத்த தோட்டா உள்ளே போகும். அதாவது மருந்தும் இந்த இயந்திரத்தின் ஒரு உறுப்பு. மருந்தை மாற்றினால் இயந்திரத்தையே மாற்றிய மாதிரி!

சேமியாவும் ஜவ்வரிசியும்

இந்தத் துப்பாக்கி ஆரம்பத்தில் டூபாண்ட் நிறுவனத்தின் ஐ.எம்.ஆர். 4475 என்ற மருந்தோடு வளர்ந்தது. இடியாப்பம் பிழிவது போல மாவைப் பிழிந்து பொடிப்பொடியாக நறுக்கிச் செய்வது. உடைத்த சேமியா என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வகை, ஓலின் நிறுவனத்தின் உருண்டை மருந்து. பார்க்கப் பொடி ஜவ்வரிசி போல இருக்கும். முதல் உலகப் போரில் மீந்த பழைய மருந்தை என்ன செய்வது என்ற ஆராய்ச்சியில் 1930களில் பிறந்தது. தண்ணீருக்குள்ளேயே தயாரிப்பதால் ஆபத்து குறைவு, வேகமாகச் செய்யலாம், பழைய மருந்தையும் கரைத்துப் பயன்படுத்தலாம். இரண்டாம் உலகப் போரிலிருந்தே ராணுவத்துக்குப் பழக்கமான சரக்கு.

ராணுவம் தோட்டாவுக்கு ஒரு அளவுகோல் வைத்தது. குண்டு வினாடிக்கு 3,250 அடி வேகத்தில் போக வேண்டும், அறையின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 52,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. பெரிய அளவில் தயாரிக்கும்போது ஐ.எம்.ஆர். 4475 இந்த இரண்டையும் ஒன்றாகத் தருவது கஷ்டமாக இருந்தது. தோட்டா நிறுவனங்கள் தயங்கின. இப்போது இரண்டு வழி: அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்துவது, அல்லது மருந்தை மாற்றுவது. ராணுவம் மருந்தை மாற்றியது. 1964-இல் ஓலினின் டபிள்யூ.சி. 846 என்ற உருண்டை மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

அதே காலத்தில் பிரைமரிலும் ஒரு பிரச்சினை வந்தது. இந்தத் துப்பாக்கியின் ஊசியைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. தோட்டா உள்ளே போகும் வேகத்தில் ஊசி தானாக முன்னால் வந்து பிரைமரைத் தொடும். பிரைமர் ரொம்ப மென்மையாக இருந்தால் விசையை அழுத்தாமலே வெடித்துவிடும். இதற்கு ஊசியின் எடையைக் குறைத்தார்கள், பிரைமர் எவ்வளவு அடி தாங்க வேண்டும் என்றும் வரையறுத்தார்கள். துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்துப் பார்த்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. மருந்து விஷயத்தில் மட்டும் இதைச் செய்யவில்லை.

என்ன ஆனது?

உருண்டை மருந்து குண்டுக்கு வேண்டிய வேகத்தைக் கொடுத்தது. ஆனால் வாயுத் துளை இருக்கும் இடத்தில் அழுத்தம் அதிகம். இயங்கும் பாகத்துக்குக் கிடைத்த தள்ளல் அளவுக்கு மீறியது. நிமிடத்துக்கு 700-800 என்று சுட வேண்டிய துப்பாக்கி 1,000-ஐத் தொட்டது. காலிக் கூடு இன்னும் அறைச்சுவரை இறுகப் பிடித்திருக்கும்போதே அதைப் பிடுங்கப் பார்க்கும். கூடு வராது. துப்பாக்கி நின்றுவிடும்.

போதாக்குறைக்கு, மருந்தில் மிஞ்சும் அமிலத்தை அடக்கக் கால்சியம் கார்பனேட், அதாவது நம்ம சுண்ணாம்பு வகைதான், சேர்த்திருந்தார்கள். அதன் கசடு வாயுக் குழாயில் படிந்தது. வியட்நாமின் ஈரத்தில் குரோம் பூசாத அறை துருப்பிடித்தது. சுத்தம் செய்யும் சாமான்களும் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. அதிகம் துடைக்க வேண்டாத துப்பாக்கி என்ற பேச்சு வேறு. கூடு சிக்கினால், ஒரு கம்பியைக் குழலின் முன்பக்கமாக விட்டு இடித்துத் தள்ள வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது!

1967-இல் கே சான் அருகே நடந்த மலைச் சண்டைகளுக்குப் பிறகு ஒரு மரீன் வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. செத்துக் கிடந்தவர்களின் பக்கத்தில், சரிசெய்யப் பார்த்துப் பாதியில் பிரித்துப் போட்ட துப்பாக்கிகள் கிடந்தன என்று அதில் எழுதியிருந்தார்.

பரிசோதனை என்ற நாடகம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான். புது மருந்தோடு சுட்டால் துப்பாக்கிகள் வேக வரம்பைத் தாண்டுகின்றன, பரிசோதனையில் தேறாது என்று கோல்ட் நிறுவனம் ராணுவத்திடம் சொன்னது. ராணுவம் என்ன செய்தது தெரியுமா? தொழிற்சாலைப் பரிசோதனைக்குப் பழைய மருந்துத் தோட்டாவையே பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுத்தது. துப்பாக்கிகள் பழைய மருந்தில் தேறின. போர்க்களத்துக்குப் போனதோ புதிய மருந்துத் தோட்டா. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

வணிகவியல் பாடத்தில் மாதிரிச் சரக்கும் அனுப்பும் சரக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று படிக்கிறோம். இங்கே விற்றவன் ஏமாற்றவில்லை. வாங்கியவனே தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டான். உயிர் போனது மூன்றாவது ஆளுக்கு.

1967 மே மாதம் ரிச்சர்ட் இக்கார்ட் தலைமையில் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரணை தொடங்கியது. அக்டோபரில் வந்த அறிக்கை, தோட்டாவின் குறையைச் சரிசெய்யாமல் விட்டது குற்றவியல் அலட்சியத்தின் விளிம்பைத் தொடுகிறது என்றே சொன்னது. உருண்டை மருந்து ஒரே நிறுவனத்திடமிருந்து வந்ததும், ராணுவத்தோடு அதற்கு இருந்த நெருக்கமும் முடிவைப் பாதித்திருக்கலாம் என்றும் சந்தேகப்பட்டது.

பிறகு இயக்க வேகத்தைக் குறைக்கக் கனமான பாகம் வைத்தார்கள். அறைக்குக் குரோம் பூசினார்கள். சுத்தம் செய்யும் சாமான்கள் போயின. சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரை வைத்துப் படக்கதையாகவே ஒரு பராமரிப்புக் கையேடு போட்டார்கள். துப்பாக்கி தேறியது. அதன் வாரிசுகள் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன.

இதில் கவனிக்க வேண்டியது, உருண்டை மருந்தை யாரும் தூக்கி எறியவில்லை என்பது. கால்சியம் கார்பனேட்டைக் குறைத்து, அதே குடும்பத்தைச் சேர்ந்த டபிள்யூ.சி. 844 வந்தது. பிற்காலத்துத் தோட்டாக்களில் நன்றாகவே வேலை செய்தது. ஆக, கெட்டது மருந்தும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய மேஜையில் யாரும் உட்காரவில்லை.

ஒரு தோட்டாவில் இருக்கும் மருந்து இரண்டு கிராம்கூட இல்லை. அதை மாற்றக் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அந்த மலை மேல் ஏறவில்லை.