குப்பியில் அடைபட்ட பச்சை வாயு

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிவிடக் கூடாது என்பார்கள் நம் பெரியோர். வெளுக்க வைக்கும் பொருளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். துணியின் கறை போக்கவும், தரை கழுவவும், கிணற்று நீரைத் தூய்மை செய்யவும் பிளீச்சிங் பவுடர் எனப்படும் சலவைத்தூளையும், கடையில் குப்பியில் கிடைக்கும் வெளுப்பு நீரையும் நாம் பயன்படுத்துகிறோம். கழிப்பறை பளிச்சிட வேண்டும் என்ற ஆசையில் சிலர் சலவைத்தூளைத் தூவி, அதன்மேல் அமிலத்தையும் ஊற்றிவிடுகிறார்கள். இரண்டும் அழுக்கைப் போக்குபவை. இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கில் உள்ள பிழை எது? அதைக் காண நாம் ஏறக்குறைய 250 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

புல்வெளியும் புளித்த பாலும்

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் லினன் துணியை வெளுப்பது பல மாத வேலை. சாம்பல் நீரில் துணியை வேகவைப்பார்கள். புல்வெளியில் விரித்து வெயிலில் நாள் கணக்கில் போட்டுவைப்பார்கள். பிறகு புளித்த பாலில் ஊறவைப்பார்கள். மீண்டும் சாம்பல் நீர், மீண்டும் வெயில். நம் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணிட்டு, வெள்ளாவி வைத்து, ஆற்றங்கரை வெயிலில் காயப்போட்டதும் ஏறக்குறைய இதே முறைதான். காரமும் கதிரவனும் காற்றும் சேர்ந்து நிறத்தைப் போக்கின.

புளித்த பாலுக்குப் பதிலாக நீர்த்த கந்தக அமிலத்தைப் பயன்படுத்தலாம் என்று ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ஹோம் 1756இல் எடுத்துக்காட்டினார். அதனால் காலம் ஓரளவு குறைந்தது. ஆனால் நூற்பாலைகள் பெருகிய காலத்தில், துணியை விரிக்கப் புல்வெளிக்கு எங்கே போவது?

வாயு வந்தது

சுவீடன் நாட்டில் மருந்துக்கடையில் பணியாற்றி வந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, 1774இல் மாங்கனீசுக் கனிமம் ஒன்றோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினார். மஞ்சள் கலந்த பச்சை நிற வாயு ஒன்று எழுந்தது. மூச்சை அடைக்கும் நெடி! அந்த வாயு பட்டதும் பூக்களும் இலைகளும் நிறம் இழந்ததை அவர் குறித்துவைத்தார். அது ஒரு தனிமம் என்று 1810இல் நிலைநாட்டி, குளோரின் என்று பெயரிட்டவர் ஹம்ப்ரி டேவி.

இந்த வாயுவைத் துணி வெளுக்கப் பயன்படுத்தலாம் என்று 1785இல் அறிவித்தவர் பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தொலே. நீராவி எந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட் பாரிசில் அவரிடம் இம்முறையை அறிந்துகொண்டு, கிளாஸ்கோவில் துணி வெளுக்கும் தொழில் நடத்திய தம் மாமனாருக்குத் தெரிவித்தார். மாதக் கணக்கான வேலை மணிக் கணக்காகச் சுருங்கியது. ஆனால் தொழிலாளர்களுக்கு இருமலும் மூச்சுத் திணறலும் வந்தன. வாயுவை வாயுவாகவே வைத்திருந்தால் வேலை நடக்காது.

பூட்டு

தீர்வு காரத்தில் கிடைத்தது. பாரிசை அடுத்த ஜாவெல் என்ற ஊரில், பொட்டாஷ் கரைசலில் குளோரினைச் செலுத்தி வெளுப்பு நீர் தயாரித்தார்கள். "ஜாவெல் நீர்" என்ற பெயர் அதற்கு இன்றும் உண்டு. 1799இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் டெனன்ட், நீற்றிய சுண்ணாம்புத் தூளையே குளோரினை உறிஞ்சச் செய்து, மூட்டையில் கட்டி அனுப்பத்தக்க சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். இத்தொழிலில் சுண்ணாம்பு பரப்பிய அறைகளில் குளோரின் செலுத்தப்பட்டது. பின்னர் தூளை அள்ளச் சென்ற தொழிலாளர்கள், வாயையும் மூக்கையும் கம்பளித் துணியால் பல மடிப்பாகக் கட்டிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள்.

குளோரின் நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகின்றன. காரம் இவ்விரண்டையும் உப்பாக மாற்றிவிடுகிறது. இன்றைய வீட்டு வெளுப்பு நீரில் உள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் அத்தகைய உப்புதான். அதாவது, அந்தப் பச்சை வாயு காரத்தில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. சாயப்பொருளின் மூலக்கூறை ஆக்சிஜனேற்றம் செய்து உடைப்பதால் நிறம் மறைகிறது. அதே வினைதான் நுண்ணுயிரின் புரதங்களையும் சிதைக்கிறது.

உயிர் காத்த நீர்

கிருமிகள் நோய் தரும் என்று உலகம் ஏற்கும் முன்பே இக்கரைசல் உயிர்களைக் காத்தது. வியன்னா மகப்பேறு மருத்துவமனையில், பிணப் பரிசோதனை முடித்த மருத்துவர்கள் அப்படியே பிரசவம் பார்க்க வந்தார்கள். கையில் ஒட்டிய பிணப்பொருளே தாய்மார்களுக்குக் காய்ச்சலைத் தருகிறது என்று கருதிய செம்மல்வைஸ், 1847 மே மாதம் குளோரின் நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். பின்னர் விலை குறைந்த சலவைத்தூள் கரைசலுக்கு மாறினார். ஏப்ரலில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 ஆக இருந்த தாய்மார் இறப்பு, ஜூலையில் ஏறத்தாழ 1 ஆகக் குறைந்தது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீருக்குத் தொடர்ந்து சலவைத்தூள் கரைசல் சேர்க்கும் பணி தொடங்கியது.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு அடர்த்தியான அந்த வாயு, பதுங்குகுழிகளுக்குள் இறங்கி வீரர்களைக் கொன்றது. அதே ஆண்டில் ஹென்றி டேகின் என்ற வேதியியலார், ஏறத்தாழ 0.5 விழுக்காடு ஹைப்போகுளோரைட் கரைசலால் போர்வீரர்களின் சீழ் பிடித்த காயங்களைக் கழுவும் முறையை வகுத்தார். பூட்டிய நிலையில் மருந்தான அதே குளோரின், பூட்டுத் திறந்த நிலையில் கொலைக்கருவியாயிற்று.

சாவி எது?

பழைய சலவைச் சாலைகளில், சலவைத்தூள் கரைசலில் தோய்த்த துணியைப் பிறகு நீர்த்த அமிலத்தில் அமிழ்த்துவது வழக்கம். காரப் பூட்டைத் திறந்து, அடைபட்டதை வேகமாக வேலை செய்ய வைக்கும் சாவி அமிலம் என்பதை அவர்கள் அறிந்தே செய்தார்கள். நம் வீட்டில் அதையே அறியாமல் செய்கிறோம். கழிப்பறை அமிலத்தோடு வெளுப்பு நீர் சேர்ந்தால், ஷீலே கண்ட அதே வாயு சிறிய அறையில் எழுகிறது. அது தரையை ஒட்டித் தங்குகிறது. குனிந்தோ குந்தியோ தேய்ப்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது! எலுமிச்சைச் சாறும் வினிகரும் அமிலங்களே என்பதை மறக்க வேண்டாம். அம்மோனியா கலந்த தூய்மைப் பொருள்களோடும், தேங்கிய சிறுநீரோடும் சேர்ந்தால் குளோரமீன் என்னும் நச்சு வாயு உண்டாகும்.

ஆகவே வெளுப்பு நீருடன் தண்ணீரைத் தவிர வேறெதையும் கலக்கக் கூடாது. 5 விழுக்காடு கரைசலில் 20 மில்லி லிட்டர் எடுத்துத் தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்கினால் 0.1 விழுக்காடு கிடைக்கும். தரைக்கு இது போதும். முதலில் அழுக்கைக் கழுவிவிட வேண்டும். இல்லையேல் மருந்தின் வலிமை அழுக்கிலேயே செலவாகிவிடும். சன்னலைத் திறந்து, கையுறை அணிந்து செய்வது நன்று. வெப்பமும் வெளிச்சமும் பட்டால் மருந்து வீரியம் இழக்கும். நிழலில் மூடிவைத்து, அன்றன்று வேண்டிய அளவே நீர்த்துக்கொள்ள வேண்டும். குளிர்பானக் குப்பியில் ஊற்றி வைப்பது குழந்தைகளுக்கு ஆபத்து. நெடி ஏறினால் உடனே வெளியே வர வேண்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவ வேண்டும். யாரேனும் விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கச் செய்யாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

2020 ஏப்ரலில் கொரோனா அச்சத்தால், திருப்பூர்ச் சந்தை வாயிலில் மக்கள் மீது ஹைப்போகுளோரைட் கரைசல் தெளிக்கும் சுரங்கவழி அமைக்கப்பட்டது. வேறு பல ஊர்களும் இதைப் பின்பற்றின. மனிதர் மீது இதைத் தெளிப்பதால் பயனில்லை, தீங்கே உண்டு என்று மத்திய சுகாதார அமைச்சகம் அதே மாதம் அறிவித்தது. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இது அண்மைக்காலச் சான்று.

கழிப்பறை அலமாரியில் அமிலக் குப்பியும் வெளுப்பு நீர்க் குப்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா? இன்றே ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். பூட்டும் சாவியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம்.