நன்றியுள்ள பிணத்தின் பின்னால்

அமெரிக்காவில் 'கிரேட்ஃபுல் டெட்' என்று ஒரு பாட்டுக் குழு இருந்தது. நான் எந்நேரமும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பேருக்குத் தமிழ்ல இன்னா அர்த்தம்?" என்று அப்பா கேட்டார். "நன்றியுள்ள பிணம்" என்றேன். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எத்தினி பொணத்துக்கு அடிச்சிருப்பேன் பாப்பா. ஒண்ணாவது நன்றின்னு சொல்லியிருக்குமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெயருக்குப் பின்னால் பல நாடுகளில் வழங்கும் ஒரு நாட்டுப்புறக் கதை இருக்கிறது. வழிப்போக்கன் ஒருவன் ஓர் ஊருக்கு வருகிறான். கடன் வைத்துவிட்டுச் செத்தவனின் பிணத்தை அடக்கம் செய்யவிடாமல் அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். இவன் கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்துக் கடனை அடைத்து, பிணத்தை அடக்கம் செய்துவிட்டுப் போகிறான். வழியில் முன்பின் தெரியாத ஒருவன் துணைக்கு வருகிறான், ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறான். அவன்தான் அந்தச் செத்தவன் என்பது கடைசியில் தெரிகிறது. 1965 இறுதியில் தங்கள் குழுவுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த ஜெர்ரி கார்சியாவுக்கு ஓர் அகராதியில் இந்தச் சொல் கிடைத்தது.

அடக்கம் செய்தவனுக்குச் செத்தவன் கடன்பட்டவன் என்கிறது அந்தக் கதை. நம்மூரில் அடக்கம் செய்தவனுக்குக் கிடைப்பது தீட்டு.

நான் அந்தக் குழுவின் ரசிகை. சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். "வெள்ளைக்காரப் பசங்க கஞ்சா அடிச்சிட்டு ஆடுற பாட்டு உனக்கு எதுக்கு?" என்று தோழர்கள் கேலி செய்வார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு தோழர்தான் முதலில் ஒலிப்பதிவுகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் தேதியும் ஊரும் இருந்தன. 1977 மே 7 பாஸ்டன், மே 8 இத்தாக்கா, மே 9 பஃபலோ. அந்தந்தத் தேதியில் அந்தந்த இரவைக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். இங்கே காலனி வீட்டில், மின்சாரம் இருக்கிற நேரமாகப் பார்த்து, விசா இல்லாமல் அந்தக் குழுவின் பின்னால் ஊர் ஊராகப் போனேன்.

ஏன் பின்னால் போகவேண்டும்? எங்கே போனாலும் அதே பாட்டுத்தானே? அதே பாட்டு இல்லை. இன்றைக்கு என்ன பாடுவோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாத குழு அது. பாட்டின் நடுவில் சொற்கள் நின்றுவிடும். ஒருவர் எங்கோ இழுத்துக்கொண்டு போவார், இன்னொருவர் துரத்துவார், இரண்டு தாளக்காரர்களும் வழி விடுவார்கள் அல்லது மறிப்பார்கள். 1969-இல் வந்த நேரடிப் பதிவில் 'டார்க் ஸ்டார்' என்ற ஒரே பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது. தெருக்கூத்தை விடிய விடியப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கதை தெரிந்ததுதான், இன்றைக்கு இந்த ஆள் அதை எப்படிக் கொண்டுபோவான் என்பதற்காகத்தான் உட்கார்ந்திருப்போம்.

1965 முதல் 1995 வரை ஏறக்குறைய 2,300 கச்சேரிகள். 1971-இல் வந்த ஓர் இசைத்தட்டின் உறையில், ரசிகர்கள் முகவரி அனுப்பும்படி ஓர் அறிவிப்பு அச்சிட்டார்கள். அப்படித் திரண்ட கூட்டத்துக்கு 'டெட்ஹெட்' என்று பெயர் வந்தது. வேலையை விட்டுவிட்டு, பழைய வேனில் படுக்கை போட்டுக்கொண்டு, குழு போகிற இடமெல்லாம் போனார்கள். கச்சேரி நடக்கும் அரங்குக்கு வெளியே, வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சந்தை கூடும். ரொட்டி சுட்டு விற்பார்கள், சாயம் முக்கிய சட்டை விற்பார்கள். அந்தக் காசில் அடுத்த ஊருக்குப் பெட்ரோல். டிக்கெட் இல்லாதவர் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நடப்பார், யாராவது ஒருவர் இனாமாகக் கொடுத்துவிட்டுப் போவார். காது கேளாதவர்களும் வருவார்கள், அவர்களுக்குச் சைகையில் பாட்டைச் சொல்ல ஆள் இருந்தது.

எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்லவரவில்லை. போதையில் அழிந்தவர்கள் உண்டு. 1995 ஜூலை 2 அன்று இந்தியானா மாநிலத்தில் டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு புகுந்தது, மறுநாள் கச்சேரியையே கைவிட்டார்கள். அடுத்த மாதம், ஆகஸ்ட் 9-இல், கார்சியா 53 வயதில் செத்துப்போனார்.

ஆனாலும் இந்த ஊர்சுற்றும் வாழ்க்கையை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். ஒரு பெண், தனியாக, எந்தத் தெருவிலும் நுழையலாம், எந்த வாசலிலும் தண்ணீர் கேட்கலாம் என்ற தைரியத்தோடு கிளம்புவது! அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனபோதுதான் இந்த வரலாறு வேறுமாதிரி தெரிய ஆரம்பித்தது.

என்னோடு கொஞ்சம் பின்னால் வாருங்கள். கார்சியாவும் நண்பர்களும் 1964-இல் முதலில் நடத்தியது ஒரு 'ஜக்' குழு. சாடியின் வாயில் உதட்டை வைத்து ஊதித் தாளம் எழுப்பும் இசை. மெம்ஃபிஸ் பக்கத்துக் கறுப்பர்கள் காசு இல்லாத காலத்தில் கையில் கிடைத்ததை வைத்து வளர்த்த இசை அது. அதில் பெரிய ஆள் கஸ் கேனன். சின்ன வயதில் வாணலியில் விலங்குத் தோலைக் கட்டித் தன் முதல் பான்ஜோவைச் செய்துகொண்டவர். நம்மூரில் லேகியம் விற்பவர்கள் கூட்டம் சேர்ப்பதுபோல அங்கே மருந்து விற்றவர்கள் பாட்டுக்காரர்களை வைத்துக் கூட்டம் சேர்த்தார்கள். கேனன் அவர்களோடு ஊர் ஊராகப் போனவர். அவருடைய ஒரு பாட்டை வெள்ளைக்காரக் குழு ஒன்று பாடி, 1963-இல் அமெரிக்கா முழுவதும் முதலிடத்துக்கு வந்தது. அந்த நேரத்தில் கிழவர் தன் பான்ஜோவை அடகு வைத்திருந்தார்.

அவரோடு வாசித்தவர் நோவா லூயிஸ். ஹார்மோனிகா வாசிப்பவர். வாயில் ஒன்று, மூக்கில் ஒன்று என்று ஒரே நேரத்தில் இரண்டை வாசிக்கும் கில்லாடி. நீதிமன்றம் தண்டித்துச் சிறைக்கு அனுப்பிய ஒருவனின் பாட்டான 'வயோலா லீ புளூஸ்' அவருடையது. 1928-இல் கேனன் குழு அதை மூன்று நிமிடத்தில் பதிந்தது. 1967-இல் கிரேட்ஃபுல் டெட் தன் முதல் இசைத்தட்டில் அதைப் பத்து நிமிடத்துக்கு விரித்துப் பாடியது. கேட்டால் மயிர்க்கூச்செறியும், மறுக்கமாட்டேன். ஆனால் அதைக் கேட்க நோவா லூயிஸ் இல்லை. 1961-இல், டென்னஸி மாநிலத்தில், வறுமையில், பனிக்கடியில் உடம்பு அழுகிச் செத்துப்போயிருந்தார்.

எலிசபெத் காட்டன் கதையையும் சொல்லவேண்டும். 1893-இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே வீட்டுவேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் கிதார் வாங்கினார். இடதுகைக்காரி என்பதால் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தானே வாசிக்கக் கற்றார். அப்புறம் பல பத்தாண்டுகள் கிதாரைத் தொடவில்லை. இசை ஆராய்ச்சி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தில் சமையல் வேலை செய்தபோதுதான் மறுபடியும் கையில் எடுத்தார். அவருடைய பாட்டு ஒன்று கிரேட்ஃபுல் டெட்டின் 1981 தொகுப்பில் இருக்கிறது. 1985-இல், 90 வயதைத் தாண்டிய பிறகு, அவருக்கு கிராமி விருது கிடைத்தது.

பாட்டு கறுப்பர்களிடமிருந்து வந்தது. சாலை யாருடையது?

நியூயார்க் ஹார்லெமில் விக்டர் ஹியூகோ கிரீன் என்று ஒரு கறுப்பினத் தபால்காரர். 1936-இல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட ஆரம்பித்தார். கறுப்பர்கள் காரில் பயணம் போனால் எந்த ஊரில் தங்க இடம் கொடுப்பார்கள், எங்கே சோறு கிடைக்கும், எங்கே பெட்ரோல் போடுவார்கள் என்ற பட்டியல். 1966-67 வரை அந்தப் புத்தகம் வந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றியுள்ள பிணம் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பியபோது அந்தப் பட்டியல் இன்னும் அச்சில் இருந்தது. ஒருவருக்கு எந்த ஊரும் தன் ஊர். இன்னொருவர் தாகம் எடுக்கும் முன்பே புத்தகத்தைப் புரட்டவேண்டும்.

அதற்கும் முன்னால், அடிமைமுறை ஒழிந்த 1865-லேயே, மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் சட்டம் போட்டன. வேலையில்லாமல் சுற்றும் கறுப்பர் குற்றவாளி. பிடித்து அபராதம் போடுவார்கள். கட்ட முடியாவிட்டால் கட்டுகிறவரிடம் கூலிக்கு விட்டுவிடுவார்கள். விட்ட அடிமைத்தனம் வேறு வாசல் வழியாக வந்தது. அந்தச் சாலைதான் நூறு வருஷம் கழித்து வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு விடுதலையின் சின்னமானது. ஊர்சுற்றுவது யாருக்குக் குற்றம், யாருக்குக் கலகம் என்பதை நாம் வெளியே போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1871-இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்ததே.

எங்கள் தாத்தாவும் ஊர் ஊராகப் போனவர்தான். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் உறவுக்காரர்களுக்குச் சேதி சொல்ல ராத்திரியோடு ராத்திரியாக நடக்கவேண்டும். திரும்பி வந்ததும் பறையைக் காய்ச்சிக்கொண்டு நிற்கவேண்டும். கூலி, படி அளந்த தானியம். "போகமாட்டேன்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஆகவே இசையோடு ஊர் சுற்றுவது சுதந்திரம் என்று யாராவது சொன்னால், நாம் நின்று கேட்டுவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும்.

அப்படியானால் இந்தக் குழுவைத் தூக்கி எறிந்துவிடலாமா? முடியவில்லை. 1971 மார்ச் 5-இல் ஓக்லாண்டில் கருஞ்சிறுத்தைகள் கட்சி சிறையிலிருந்த தோழர்களுக்காக நடத்திய நிகழ்ச்சியில் இவர்கள் போய் வாசித்தார்கள். அடுத்த ஆண்டு பம்பாயில் அந்தக் கட்சியின் பெயரை எடுத்துத்தான் தலித் பாந்தர் பிறந்தது. நம் சிறுத்தைக்கும் அந்த மேடைக்கும் இடையில் ஒரே ஒரு வருஷம்.

நம் நாட்டோடு வேறு தொடர்பும் உண்டு. குழுவின் தாளக்காரர் மிக்கி ஹார்ட் உலகத்துத் தாளக் கருவிகளையெல்லாம் தேடிப்போனவர். 1991-இல் அவர் கொண்டுவந்த 'பிளானெட் டிரம்' தொகுப்பில் ஜாகிர் உசேன் தபலா வாசித்தார், நம் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்தார். உலக இசைக்கான முதல் கிராமி அதற்குத்தான். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகத்துத் தாளம் என்று தேடிவந்தவருக்குத் தமிழ்நாட்டில் வழிகாட்டிய கதவு சபாவின் கதவு. சேரியின் பக்கம் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை. மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான். வாசிப்பவர் வித்வான், தோலைப் பதப்படுத்திக் கட்டித் தருபவர் தொழிலாளி. பறை அடிப்பவரோ வெட்டியான். எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியக் கருப்பொருள் பட்டியலில் பறை இருப்பதைப் படித்தேன். அதை அடிக்கிற ஆளைப் பற்றி அந்த வகுப்பில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த ரசிகர்களிடம் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அவர்கள் பதிவு செய்தார்கள். மைக்கைக் கம்பத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். குழு விரட்டாததோடு 1984-இல் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. நாடாவை விற்கக்கூடாது என்பது மட்டும் கட்டளை. வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் யாரும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுப்பார்கள். குழுவுக்குள்ளும் பெட்டி கேன்டர் என்ற பெண் ஒலிப்பதிவாளர் இரவு இரவாகப் பதிந்தார். பிறகு வாடகை கட்ட முடியாமல் அவருடைய நாடாக்கள் ஏலத்தில் போய், யார் யார் கையிலோ சிக்கி, பிரதியாகிப் பிரதியாகிப் பிழைத்தன. அவர் பதிந்த 1977 மே 8 இரவு இப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய ஒலிகளின் பட்டியலில் இருக்கிறது. குழு தன் ஆவணங்களை 2008-இல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது. ஒரு பாட்டில் எந்த நிமிடத்தில் யார் தப்பு விட்டார்கள் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பறை அடித்தவர். ஓர் இரவுகூடப் பதிவாகவில்லை.

எங்கள் காலனிப் பையன்கள் சங்கம் வைத்து, ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை என்று முடிவெடுத்தபோது நான் சின்னப் பிள்ளை. அடி விழுந்தது, கூலிவேலையை நிறுத்தினார்கள், ஆனாலும் முடிவு நின்றது. அப்பா பறையைப் பரணில் போட்டார். அது சரியான முடிவு என்றுதான் இன்றைக்கும் மேடையில் பேசுகிறேன். ஆனால் இழிவை இறக்கி வைத்தபோது அதோடு அவருடைய அடிகளையும் பரணில் போட்டுவிட்டோமோ என்று, யாரோ ஒருவருடைய 1977-ஐக் கேட்டுக்கொண்டிருந்த ராத்திரிகளில்தான் எனக்கு உறைத்தது.

போன மாதம் கேட்டேன். "அப்பா, ஒரு தடவ அடிங்க. நான் பதிஞ்சி வெக்கிறேன்."

"எந்தச் சாவுக்கு?"

"சாவுக்கு இல்லப்பா. சும்மா, கேக்கறதுக்கு."

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் பரணிலிருந்து எடுத்தார். தோல் போயிருந்தது. சட்டத்தைத் துடைத்துவிட்டு, தோல் வாங்கப் பணம் கேட்டார். கொடுத்தேன்.

"தேதி எழுதுவியா?"

"எழுதுவேன். ஊரும் எழுதுவேன்."

"அப்பன்னா பேரும் எழுது. எம்பேரு மட்டும் போடாத. சட்டி அடிச்சவன் பேரையும் போடு" என்று மூன்று பேரைச் சொன்னார். இரண்டு பேர் இப்போது இல்லை.

நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் அந்தப் பெயர்களைத்தான் எழுதியிருக்கிறேன்.