கல்வராயன் மலைக் கடுக்காய்

கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில் இயற்கையாக வளரும் மருந்து மரங்களுள் கடுக்காய் முக்கியமானது. கரியாலூர், வெள்ளிமலை வட்டாரங்களில் வாழும் பழங்குடியினர் அதன் காயை மருந்தாகப் பயன்படுத்துவதோடு, சேகரித்து விற்றும் வருகின்றனர்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலையின் பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். இங்கு வாழும் பழங்குடியினருக்கு ‘மலையாளி’ என்று பெயர். இப்பெயர் கேரளத்தாரைக் குறிப்பதன்று. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். இவர்களது தாய்மொழி தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் கதை.

மருந்து

மலை வைத்தியர்கள் கையாளும் மூலிகைகளில் பல சமவெளியினரும் அறிந்தவையே. மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லியும், சளிக்கு ஆடாதோடையும், எலும்பு முறிவுக்குப் பிரண்டையும் வழங்கப்படுகின்றன. எந்தப் பருவத்தில் பறிப்பது, எதனுடன் சேர்ப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் வைத்தியரின் தனித்திறன் இருக்கிறது. இந்த அறிவு ஏட்டில் இல்லை. வாய்மொழியாகவே தலைமுறை கடந்து வருகிறது. பாம்புக்கடிக்குச் சிறியாநங்கை போதும் என்ற நம்பிக்கையும் பல ஊர்களில் உண்டு. நஞ்சுமுறிவு ஊசிக்கு அது மாற்றாகாது என்பதை மாணவர்கள் மறக்கக்கூடாது.

பனிக்காலம் முடியும் தறுவாயில் முற்றி உதிரும் கடுக்காயைப் பொறுக்கி வெயிலில் உலர்த்துவர். கொட்டையை நீக்கிவிட்டுச் சதைப்பகுதியை மட்டுமே மருந்தில் சேர்க்க வேண்டும். மலச்சிக்கலுக்குப் பொடியாகவும், வாய்ப்புண்ணுக்குக் கொப்பளிக்கும் நீராகவும், ஆறாத புண்ணைக் கழுவும் கசாயமாகவும் அது பயன்படுகிறது. நாட்டு மருந்துக் கடைகளில் ‘கடுக்காய்ப்பூ’ என்ற பெயரில் விற்கப்படுவது உண்மையில் பூ அன்று. பூச்சி தாக்கியதால் இலையில் உண்டாகும் முடிச்சு அது.

காயின் துவர்ப்புக்குக் காரணம் அதிலுள்ள டானின் என்னும் வேதிப்பொருள். டானின் புரதத்தோடு பிணைந்து புண்ணின் மேற்பரப்பை இறுகச் செய்கிறது. விலங்குத் தோலைப் பதப்படுத்துவதும் இதே பண்புதான்.

வணிகச் சரக்கு

வைத்தியருக்குக் கைப்பிடியளவு காய் போதும். தோல் தொழிலுக்கு மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையால் பதப்படுத்திய தோலைக் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து நிறமேற்றி ஏற்றுமதி செய்தனர். காயும் தனியே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பின்னர் குரோமியம் கொண்டு பதப்படுத்தும் முறை பரவியதும் கடுக்காயின் தேவை குறைந்தது.

அக்காலம் முழுவதும் கல்வராயன் மலைமக்கள் தாம் உழுத நிலத்துக்கும் உரிமையற்றவர்களாகவே இருந்தனர். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் மரபினரின் கீழ் மலை இருந்தது. விடுதலைக்குப் பின்னும் நீடித்த இம்முறை 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. நாடு குடியரசாகி 26 ஆண்டுகள் கழிந்திருந்தன என்பது வியப்புக்குரியது.

உரிமை

சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றது. மரபறிவின் மீதான சமூக உரிமையும் அதில் இடம்பெற்றது. வழக்கு ஒன்றில் பிறப்பிக்கப்பட்ட இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் இச்சட்டத்தின் செயலாக்கம் 2016 வரை தடைபட்டிருந்தது. மைய அரசின் சிறு வன விளைபொருள்களுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் 2013-14-இல் தொடங்கியபோதே கடுக்காய் அதில் சேர்க்கப்பட்டது.

பழங்குடி அறிவுக்கு வருவாயில் பங்கு கிடைத்த முன்னுதாரணம் அகத்தியமலைக் காணிக்காரர்களுடையது. களைப்பு நீக்க அவர்கள் தின்னும் ஆரோக்கியப்பச்சையின் காயை 1987-இல் அறிவியலாளர்களுக்குக் காட்டினர். அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமத் தொகையில் பாதி, காணிக்காரர் அறக்கட்டளைக்கு என ஒதுக்கப்பட்டது.

கடுக்காய்க்கு அவ்வழி திறக்கவில்லை. ஆரோக்கியப்பச்சையின் பயனைக் காணிக்காரர் மட்டுமே அறிந்திருந்தனர். கடுக்காயோ சித்த, ஆயுர்வேத நூல்களில் முன்பே பதிவானது. நூலில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர் பயன்பங்கு தரவேண்டியதில்லை என்று உயிரியற் பன்மயச் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்களிக்கிறது. ஆகவே கரியாலூர்க் காட்டில் காய் பொறுக்குபவருக்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் சேகரிப்பு உரிமையும், உலர்ந்த காய்க்கு எடைபோடும் இடத்தில் கிடைக்கும் விலையுமே மிஞ்சுகின்றன.